கர்ப்பமில்லாத பெண்ணுக்கு எந்தக் கிழமை?

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு. புதன்கிழமை கைக்குழந்தைகளின் தடுப்பூசிக்கு. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த இரண்டு கிழமைகளும் ஊறிப்போனவை. கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சேரியில் பள்ளிக்கூடப் பக்கமே போகாத பாட்டிகளுக்கும் இது மனப்பாடம். 2019இல் என் பெரியம்மா என்னிடம் கேட்டார்: “செவ்வாக்கெழம வயித்துப்புள்ளக்காரிக்கு, பொதங்கெழம கைப்புள்ளக்காரிக்கு. என்னமாரி எல்லாம் முடிஞ்சவ எந்தக் கெழம போறது?”

நான் சிரித்துவிட்டேன். அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை என்பது ஏழு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு அப்போது 53 வயது. தூரம் நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. நின்றது மறுபடியும் படத் தொடங்கியிருக்கிறது. கரும்பு வெட்டப் போகிறவர். பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, அதே உடம்போடு ஒரு பருவம் முழுக்கக் கட்டு கட்டியிருக்கிறார். தெருப் பெண்கள் ‘சூடு’ என்றார்கள். வெந்தயம், மோர், சோற்றுக்கற்றாழை எல்லாம் ஆனது. பிறகு ஒரு தனியார் கிளினிக். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே ஊர் எது என்று கேட்டார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் அந்த மாத்திரை. அப்புறம் இன்னொரு இடம், இன்னொரு மாத்திரை. ஓரிடத்திலும் அவரைப் பரிசோதனை மேசையில் படுக்க வைக்கவில்லை. “யாரும் தொட்டே பாக்கல பாப்பா” என்று பெரியம்மா சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சாதி பார்த்துத்தான் தொடவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. கூட்டம் அதிகமாக இருந்திருக்கலாம், சோம்பலாக இருந்திருக்கலாம். ஆனால் ‘ஊரில் எந்தப் பக்கம்’ என்ற கேள்விக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

கடைசியில் தொட்டுப் பார்த்தவர் ஓர் அரசு மருத்துவர். பார்த்த அன்றே சொல்லிவிட்டார், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முற்றிய நிலை. கதிர்வீச்சுக்காகப் புதுச்சேரிக்கு அலைந்துகொண்டிருந்தபோது 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பேருந்து நின்றது. 2021இல் அவர் இறந்தார்.

இப்போது ஒரு கணக்கு. தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகச் செய்து பார்த்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை, 30 வயது தாண்டிய பெண்களுக்காக 2012 முதல் தமிழ்நாடு முழுவதும் அரசு விரிவாக்கியது. அந்த ஆண்டு என் பெரியம்மாவுக்கு 46. பரிசோதனை இலவசம். ஏழு வருடம் அது இருந்திருக்கிறது, அவரும் இருந்திருக்கிறார். இருவரையும் யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை.

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21, தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்வதைப் பாருங்கள். மருத்துவமனையில் நடக்கும் பிரசவம் 99.6 விழுக்காடு. இதைச் சொல்லி நாம் மார்தட்டுகிறோம், தட்டலாம், உத்தரப் பிரதேசக்காரன் பார்த்துப் பொறாமைப்படட்டும். அதே ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் 9.8 விழுக்காடு. இந்திய சராசரி 1.9 என்பதால் இதிலும் நாம் மேலேதான் இருக்கிறோம். பத்தில் ஒருத்திக்குக் கிடைத்ததை வைத்து முன்னேறிய மாநிலம் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 விழுக்காடு. குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்ட பெண்கள் 57.8, ஆண்கள் 0.1.

இந்த எண்களை வரிசையாக வைத்தால் அரசின் கண்ணுக்கு எது தெரிகிறது என்று தெரியும். கர்ப்பப்பை நிறைந்திருக்கும்போது செவிலியர் வீடு தேடி வருகிறார், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் வருகிறது, 108 வருகிறது. குழந்தை பிறந்ததும் கருத்தடை அறுவை. அதோடு முடிந்தது. நம் பேச்சுவழக்கிலும் அதுதான். ‘மகப்பேறு மருத்துவர்’ என்கிறோம், ‘பிரசவ டாக்டர்’ என்கிறோம். பேறு இல்லாதவளுக்கு அந்தப் பெயர்ப்பலகையில் இடமில்லை. 15 வயதுப் பெண்ணும் 53 வயதுப் பெண்ணும் அந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அந்தப் பெயரே மறைத்துவிடுகிறது.

அந்தப் பரிசோதனை ஏதோ ராக்கெட் விஞ்ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள். நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது கிட்டத்தட்ட வினிகர், பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிடம். சந்தேகத்துக்குரிய இடம் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்க்கலாம். இதன் பலனை உலகத்துக்கு நிரூபித்ததே நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்களின் உடம்புதான். 30 முதல் 59 வயதுவரையிலான 49,311 பெண்களைப் பரிசோதனைப் பிரிவிலும் 30,958 பெண்களை ஒப்பீட்டுப் பிரிவிலும் வைத்து நடந்த ஆய்வு 2007இல் லான்செட் இதழில் வந்தது. பரிசோதனைப் பிரிவில் இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 விழுக்காடு குறைந்தது. ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண்களுக்கு அந்தப் பரிசோதனையை வேண்டுமென்றே கொடுக்காமல் வைத்தது அறமா என்ற விவாதம் பிறகு வந்தது. வரவேண்டிய விவாதம்தான். ஆனால் ஆய்வு வெளியாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒப்பீட்டுப் பிரிவிலேயே இருக்கிறார்களே, அதற்கு எந்த நெறிமுறைக் குழு பதில் சொல்லும்? இந்தியாவில் 2022இல் மட்டும் ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாகவும், 80,000 பேர்வரை இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு மதிப்பிடுகிறது.

இது அடிவாரத்தின் கதை. மலைமேல் போனால் வேறு.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்த பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் அந்த மலையின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை இல்லை, போக்குவரத்து இல்லை என்று அப்போதுதான் நாளிதழ்கள் எழுதின. மலையாளிப் பழங்குடிப் பெண்களை அரசு கண்டுபிடிக்க, சமவெளியில் ஒரு சேரியே பாடையேற வேண்டியிருந்தது. இப்போது மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்தார்கள், நல்லது. ஆனால் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஓர் ஊரில் இருந்து ஒரு பெண் ‘வெள்ளைப்படுகிறது, நாற்றமடிக்கிறது’ என்று சொல்லிக்கொண்டு மலையிறங்கி, கச்சிராயபாளையம் வந்து, பேருந்து மாறி, வரிசையில் நின்று, திரும்பிப் போக வேண்டுமானால் ஒரு நாள் கூலி போகிறது. பேருந்தைத் தவறவிட்டால் இரண்டு நாள். வலி வந்தால் போவாள். வலி வராத நோய்க்கு எப்படிப் போவாள்?

சரி, கூலியும் பேருந்தும் இருக்கிற பெண் போகிறாளா? கள்ளக்குறிச்சி நகரத்தில் கல்லூரிக்குப் போகும் எங்கள் படிப்பகத்துப் பெண்களைக் கேட்டேன். ஒருத்திக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. இன்னொருத்திக்கு ஒவ்வொரு மாதமும் முதல் நாள் வகுப்பில் உட்கார முடியாமல் வாந்தி. இருவரும் மருத்துவரிடம் போகவில்லை. காரணம் ஒரே வாக்கியம்: “யாராவது பாத்துட்டா?”

அந்த ‘யாராவது’ யார் தோழர்களே? மாமா, சித்தப்பா, தெருக்காரர், சாதிக்காரர். மணமாகாத பெண் லேடி டாக்டரிடம் போனால் அவளுக்கு ‘ஏதோ ஆகிவிட்டது’. கதவைத் தாண்டி உள்ளே போனாலும் முதல் கேள்வி “கல்யாணம் ஆயிடுச்சா?” என்பதுதான். உடலுறவு பற்றி மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, உண்மை. அதை நேராகக் கேட்கலாம், கூட வந்த அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கலாம். தாலியைப் பற்றிக் கேட்டுப் பதிலைக் கழித்து எடுப்பது மருத்துவம் ஆகாது.

1916இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை நம் படிப்பகங்களில் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்? அகமணம்தான் சாதியின் உயிர், அதைக் காப்பதற்காகப் பெண்ணின் மீது கட்டுப்பாடுகள் என்று மேற்கோள் காட்டாத கூட்டமே கிடையாது. அந்தக் கட்டுரையின் செய்முறை விளக்கம் ஒவ்வொரு மகளிர் மருத்துவமனை வாசலிலும் நடக்கிறது. பெண்ணின் கர்ப்பப்பை சாதியின் பொதுச்சொத்து, அதைத் திருமணத்துக்கு முன் திறந்து பார்க்க அவளுக்கே உரிமையில்லை. இதைத்தான் அந்த ‘யாராவது’ காவல் காக்கிறார். ‘தீட்டு’ என்ற ஒரே சொல்லால் நம்மை ஊருக்கு வெளியேயும் பெண்ணை வீட்டுக்கு வெளியேயும் வைத்தவர்கள் வேறு வேறு ஆட்கள் இல்லை.

எனவே சத்தமாகவே சொல்கிறேன், எப்போது போக வேண்டும் என்று. நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது இது. சுவரில் எழுதிப் போட வேண்டிய விஷயம், குசுகுசுவென்று சொல்ல வேண்டியதில்லை.

15 வயது முடிந்தும் பருவமடையாவிட்டால் போக வேண்டும். ‘ஒல்லியா இருக்கா, மெதுவா ஆவா’ என்று காத்திருக்க வேண்டாம். ஏழெட்டு நாளைத் தாண்டி உதிரம் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணியோ நாப்கினோ மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய கட்டிகளாக விழுந்தாலோ அது ‘உடம்பு வாகு’ கிடையாது. வளர்ந்த பெண்ணுக்கு 21 நாளுக்குள் மறுபடி வருவதும், 35 நாளைத் தாண்டித் தாண்டிப் போவதும், மூன்று மாதம் வராமலே இருப்பதும் காட்ட வேண்டியவை. வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியாத அளவுக்கு வலி என்றால் அது ‘பொண்ணுன்னா அப்படித்தான்’ இல்லை, எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். நிறம் மாறி, நாற்றத்தோடு, அரிப்போடு வெள்ளைப்படுவது ‘சூடு’ இல்லை, பெரும்பாலும் மருந்தில் தீரும் தொற்று. கணவனுக்கும் சேர்த்து மருந்து தேவைப்படலாம், அதனால்தான் பல வீடுகளில் பெண்ணை அனுப்புவதில்லை என்பது என் சந்தேகம். இருமினால் சிறுநீர் கசிவது, அடி இறங்குவது, இதையெல்லாம் கல் சுமந்தவளும் கரும்பு சுமந்தவளும் பத்து இருபது வருடம் யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறார்கள். சிகிச்சை உண்டு. மார்பில் கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே போக வேண்டும்.

இரண்டு மாதவிடாய்க்கு நடுவே படுவது, உறவுக்குப் பின் படுவது, நின்றுபோன பிறகு படுவது. இந்த மூன்றுக்கும் காத்திருப்பே கூடாது. ஒரு துளியாக இருந்தாலும் சரி. பெரியம்மாவுக்கு முதலில் ஒரு துளிதான்.

எந்தத் தொந்தரவும் இல்லாமல் போக வேண்டிய வயதும் இருக்கிறது. 30 தாண்டினால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மணமாகியிருக்கிறதா இல்லையா என்பது வேறு.

கருக்கலைப்பைப் பற்றி நம் தோழர்களுக்கே தெளிவில்லை, அதனால் சொல்கிறேன். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டும் போதும். கணவன் கையெழுத்து, அப்பா கையெழுத்து என்று சட்டத்தில் எதுவும் இல்லை. 2021இல் திருத்தப்பட்ட சட்டத்தில் 20 முதல் 24 வாரம்வரை சில வகைப் பெண்களுக்குக் கிடைக்கும் உரிமை மணமாகாதவருக்கும் உண்டு என்று 2022 செப்டம்பர் 29இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர்கள் குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்பது போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. 18க்குக் கீழ் என்றால் பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும், மருத்துவர் போக்சோவில் தகவல் தர வேண்டும். ஆனால் அந்தச் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தீர்ப்பின் நகலைச் செல்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கிற ஆளிடம் காட்டலாம்.

“டாக்டர்கிட்ட போனா பையை எடுத்துருவாங்க” என்று பெண்கள் பயப்படுகிறார்கள். முட்டாள்தனமான பயம் என்று யாரும் சிரிக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் 82,309 பெண்களை அரசுக் குழு ஆய்வு செய்தபோது 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019இல் வெளியே வந்தது. மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும், பை இல்லையென்றால் விடுப்பும் இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தனியார் மருத்துவமனைகள் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்ததாக மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. வெட்டுப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கரும்பாலை வைத்திருக்கிற மாவட்டம் நம்முடையது, பீட் நமக்குத் தூரத்து ஊர் இல்லை. வெள்ளைப்படுவதற்காகவோ வயிற்று வலிக்காகவோ ‘எடுத்துவிடலாம்’ என்று ஒருவர் முதல் நாளே சொன்னால், ஸ்கேனையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையில் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசி மீதான பயத்துக்கும் வரலாறு உண்டு. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் எச்பிவி தடுப்பூசியை விடுதிகளில் இருந்த பழங்குடிச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் போட்டார்கள். மரணங்கள் செய்தியானபின் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. ஊசிக்கும் மரணங்களுக்கும் தொடர்பில்லை என்றது விசாரணை. ஒப்புதல் பெற்ற முறையை நாடாளுமன்றக் குழு 2013இல் கடுமையாகச் சாடியது. ஊசி நல்ல ஊசி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கக்கூடியது. 14 வயதுச் சிறுமிகளுக்கு அதைப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. வரவேற்கிறேன். கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் அந்த ஊசி ஏறும்போது, மலையிறங்கிக் கூலிக்குப் போயிருக்கிற அம்மாவிடம் விளக்கிச் சொல்லி, அவர் கையெழுத்தை வாங்கிப் போடுங்கள். கம்மத்தை மறக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

இனி நம் ஆட்களிடம் ஒரு சண்டை.

பெண் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை என்று ‘குடி அரசு’ காலத்திலேயே எழுதியவர் பெரியார். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தீர்மானத்தை ரோகம் மூலம் கொண்டுவரச் செய்தவர் அம்பேத்கர். தீர்மானம் தோற்றது, அது வேறு. இருவரின் படத்தையும் மேடையில் வைத்துக்கொண்டு, “இதெல்லாம் மகளிர் அணி பேசட்டும் தோழர்” என்று நம் அமைப்புக் கூட்டத்தில் ஓர் அண்ணன் சொன்னார். நல்ல தோழர்தான், சிறை போனவர். அவருடைய மனைவிக்கு என்ன வயது, எப்போதாவது பரிசோதனை செய்திருக்கிறாரா என்று கேட்டேன். கோபப்பட்டார். வீட்டு விஷயத்தை எதற்குப் பொதுவில் இழுக்கிறாய் என்றார். சாதியும் இத்தனை நாள் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கிழமை. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கர்ப்பமில்லாத பெண்ணுக்கென்று வாரத்தில் ஒரு நாள், தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிற மாதிரி. திரை உள்ள அறை, கையுறை போட்டுத் தொட்டுப் பார்க்கிற ஆள், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்காத சீட்டு. மலையில் மாதம் ஒருமுறையாவது சிறப்பு மருத்துவர் ஏறி வர வேண்டும். இத்தனை பிரசவங்களை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த அரசால் இது முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

போன மாதம் பெரியம்மாவின் மகளை, எனக்கு அக்கா, 36 வயது, கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் அரை மணி நேரம் தயங்கினாள். உள்ளே போய் ஐந்தாறு நிமிடத்தில் வெளியே வந்தாள். “இவ்ளோதானா?” என்றாள். அப்புறம் பேருந்து நிறுத்தம்வரை பேசவில்லை. அங்கே உட்கார்ந்து அழுதாள். எதற்காக அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

அவள் ஊருக்குப் போய்ச் சொன்னதில் இப்போது 11 பெண்களின் பெயர் என்னிடம் இருக்கிறது. அதில் நான்கு பேர் மலைமேல். அரசு அறிவிக்கும்வரை வியாழக்கிழமை என்று நாங்களே வைத்துக்கொண்டோம். மலையில் இருந்து வருகிறவர்களுக்குக் காலைப் பேருந்து கிடைக்காது. வண்டி வைத்திருக்கும் தோழர்கள் யாராவது புதன்கிழமை இரவே மேலே போய்விட்டால் நல்லது. மற்றவர்கள் காலை எட்டு மணிக்குக் கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்தில் நிற்போம்.